சுருக்கமா சொல்லு

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது அப்பா தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் விரிந்து கிடந்தது. உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு மாத்திரை, ரோஜா நிறத்தில் ஒரு மாத்திரை. ரோஜா நிறம் வியர்வையில் கரைந்து ரேகைகளுக்குள் ஓடி மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. பக்கத்து முக்காலியில் தண்ணீர் டம்ளர், தூசி விழாமல் மேலே ஒரு சிறு தட்டு. வெகுநேரமாக இப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது.

"இன்னும் போடலையாப்பா?"

"கூப்பிடலையே."

"யாரு?"

தெரிந்தே கேட்கிறாயா என்பதுபோல் அப்பா பார்த்தார். "அவதான்."

அவள் என்றால் வேறு யாருமில்லை, இவளேதான். இவள் தொடங்கி நடத்தும் நிறுவனத்துக்கு இருப்பது ஒரே வேலை. வயதானவர்கள், தனியாக இருப்பவர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு வேளை தவறாமல் ஓர் அழைப்பு போகும். எடுத்ததும் ஒரு பெண் குரல் கேட்கும்: "மாத்திரை போட்டாச்சா? தண்ணி நிறைய குடிங்க. நான் அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடுவது இயந்திரம். குரல் இவளுடையது, நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள ஒரு மடிக்கணினி மட்டும் இருந்த நாளில் பதிந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள், மாடி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள், வீடுகள் நூறாகி ஆயிரங்களாயின. குரலை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் எங்கள் வீட்டுக் கிழவர் சாப்பிடமாட்டார் என்று வாடிக்கையாளர்களே தடுத்துவிட்டார்கள்.

"நான் எதிர்லயே நிக்கிறேனேப்பா. போடுங்க."

"நீ அதட்டுவ. அவ அதட்ட மாட்டா."

வீட்டில் இது பழைய வேடிக்கைதான். சிரித்துக்கொண்டே புது மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். அப்பா முணுமுணுத்தபடி விழுங்கிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார். "நேத்தும் கூப்பிடலை. எங்கயாவது வெளியூர் போயிருப்பாளோ என்னவோ."

"நேத்து எந்த வேளை?"

"எந்த வேளையும்தான்."

"ஏம்பா என்கிட்ட சொல்லல?"

"நீ போன்ல இருந்த."

அந்த ரோஜா நிற மாத்திரை ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கக் கொடுப்பது. மூன்று வருடங்களுக்கு முன் அப்பா குளியலறை வாசலில் வாய் கோணி விழுந்ததிலிருந்து ஒருவேளைகூடத் தவறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பா ஒருவருக்கு எடுத்துக் கொடுக்க மகள் எதிரில் நிற்கிறாள். மற்ற வீடுகளில் யார் நிற்கிறார்கள்? கைபேசியில் அலுவலகப் பலகையைத் திறந்து பார்த்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு சிறு கட்டம். அழைப்பு போய், எடுத்துப் பேசிவிட்டால் பச்சை. ஏதாவது தவறினால் சிவப்பு. மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். நெல்வயல்போல முழுக்கப் பச்சை. அப்பாவின் கட்டமும் பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரே எண்ணுக்கு அடித்தாள். தொலைபேசி இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன் அவன். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் தொடர்கதை. எதைக் கேட்டாலும் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவான். விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டால், கட்டடம் கட்டிய கதையைச் சொல்லி, ஒயர் இழுத்தவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அப்புறம்தான் பல்புக்கு வருவான். பெயர் வைத்தது அவள்தான், ஒரு கூட்டத்தில், எல்லாரும் இருக்கும்போது. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இப்போது மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தியபோதுதான் விளக்கு மாறியிருப்பதைக் கவனித்தாள்.

அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. கீழே கண்ணாடி அறுக்கும் கீறல் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அவள் படியேறும்போது மேலே பேச்சும் சிரிப்பும் இருந்தன. அவளுடைய செருப்புச் சத்தம் நடுப்படியைத் தொட்டதும் அவை நின்று, விசைப்பலகைகளின் சத்தம் தொடங்கியது. இத்தனை வருடமும் இதே மாதிரிதான். சுறுசுறுப்பான பிள்ளைகள் என்று நினைத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தாள். இன்று பேச்சு நின்ற இடம் முள்போலத் தைத்தது.

சுவரில் பெரிய பலகை பச்சையாக ஒளிர்ந்தது. அதன் கீழே நின்று சொன்னாள். "எங்கப்பாவுக்கு ரெண்டு நாளா கால் போகல. இதுல பச்சை காட்டுது. என்ன நடக்குது?"

தலைகள் திரைகளுக்குப் பின்னால் தாழ்ந்தன.

"தொடர்கதை எங்க?"

அவனுடைய மேசை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பையைக் காணோம், ஹெட்போனைக் காணோம், திரையோரம் ஒட்டிவைத்திருந்த அவன் குழந்தையின் படத்தைக்கூடக் காணோம். பக்கத்து மேசைப் பெண்தான் மெல்ல எழுந்தாள். அவள் பெயர் மின்னல். கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்வதால் அவளுக்கு இங்கே நல்ல பெயர். "வேலையை விட்டுட்டான்னு நெனக்கிறேன் மேடம்," என்றாள், ஒரே வரியில்.

"ஏன்? என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லப்போறீங்களா இல்லையா?" குரல் உயர்ந்துவிட்டதை அவளே கேட்டாள். உயர்ந்ததும் எதிரில் இருந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்துக்கொண்டதையும் பார்த்தாள்.

வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்கும் அம்மாள் மூலையில் இருந்தார். நாற்பதுதான் ஆகிறது என்றாலும் எல்லாருக்கும் அவர் பெரியம்மா, எல்லாரையும் கண்டிப்பதால். அவர் ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். "மேடம், நீங்க உக்காந்தா சொல்லுவாங்க."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாரும் தன்னைவிட உயரமாகத் தெரிந்தார்கள். தன் முழங்கால் நடுங்குவதும் தெரிந்தது. அதைக் கையால் அழுத்திக்கொண்டாள்.

மின்னல் சொன்னாள். இந்த முறை ஒரே வரியில் முடியவில்லை. "பலகையில சிவப்பு வந்தா நீங்க... வந்து நிப்பீங்க மேடம். யாரு, ஏன்னு கேப்பீங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள சரி பண்ற நேரம் போயிடும். அதனால சிவப்பு வந்தா பத்து நிமிஷம் கழிச்சுக் காட்டுன்னு வச்சோம். அதுக்குள்ள சரி பண்ணிடலாம்ல. அப்புறம் ஒரு நாள் பத்து நிமிஷம் பத்தல. அரைமணி ஆக்கினோம்."

"இப்ப எவ்வளவு?"

மின்னல் சுவரைப் பார்த்தாள். "ரெண்டு நாள்."

கீழே கண்ணாடி அறுபடும் சத்தம் கேட்டது. கெட்டிக்காரர்களாகப் பார்த்துப் பார்த்துத் தான் சேர்த்த ஆட்கள், தன் முகம் சிவக்காமல் இருக்க ஒரு சுவருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம், நாளுக்குக் கொஞ்சம். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. எத்தனை உள்ளங்கைகளில் எத்தனை மாத்திரைகள் இப்போது கரைந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு ஒன்றே இருந்தது.

மேசையில் அவளுடைய காபிக் கோப்பை இருந்தது. போன வருடம் பணம் போட்டவர்கள் வற்புறுத்தி அவளை ஒரு தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மற்றவர் மனதில் நின்று பார்ப்பது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு. முடிவில் ஆளுக்கொரு கோப்பை. அதில் பெரிதாக, 'முதலில் கேள்'. அவள் வலதுகைக்காரி. குடிக்கும்போது எழுத்து எதிரில் இருப்பவருக்குத்தான் தெரியும். பிறர் சொல்வதை முதலில் காதுகொடுத்துக் கேள் என்று பொருள். எதிரில் உட்கார்ந்து அதைத் தினமும் படித்தவர்களோ, எதைச் செய்தாலும் முதலில் என்னைக் கேள் என்று பொருள் கொண்டிருந்தார்கள். இந்த விஷயத்தைப் பெரியம்மாதான் எப்போதோ சிரித்துக்கொண்டு சொன்னார். அப்போது அவளும் சிரித்துவைத்தாள், திருத்தவில்லை. அந்த அர்த்தமும் நல்லதுதானே என்று தோன்றியிருந்தது.

நேற்று மதியம் இதே மேசைக்குத் தொடர்கதை வந்தான். இப்போது வரிவரியாக நினைவுக்கு வந்தது. "மேடம், ஒரு விஷயம். போன மாசம் நாம புது லைன் எடுத்தோம்ல, அப்ப அந்தக் கம்பெனிக்காரர் ஒண்ணு சொன்னார், அது என்னன்னா..." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "சுருக்கமா சொல்லு."

கோப்பையின் எழுத்தைப் பார்த்தான் போலிருக்கிறது. "ஒண்ணுமில்ல மேடம். நான் பாத்துக்கறேன்," என்று போய்விட்டான். பரவாயில்லை, சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான் என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

"அவனைப் பிடிச்சாகணும்," என்றாள். "மதியக் கால் போறதுக்குள்ள. புது லைன்ல எந்தெந்த வீடுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

"நாங்களும் அடிச்சுப் பாத்தோம் மேடம். எடுக்கல."

"அக்கா கூப்பிட்டா எடுப்பான்," என்றார் பெரியம்மா.

"எந்த அக்கா?"

அறையில் ஒரு சின்னச் சங்கடம் ஓடியது. பெரியம்மாதான் உடைத்தார். "மெஷின்ல இருக்கிற குரலை நாங்க அக்கான்னு சொல்லுவோம். நீங்க மேடம். அது அக்கா."

தன் குரலுக்குத் தன்னைவிட நெருங்கிய உறவு இங்கே இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. விஷயம் இதுதான்: பொறியாளர்கள் எல்லாரிடமும் சோதனைக்காக ஒரு சிறு கைபேசி உண்டு. இயந்திரத்தின் எண்ணைத் தவிர வேறு எந்த அழைப்பும் அதில் வராது. அது அடித்தால் எங்கிருந்தாலும் எடுத்துக் கேட்டுவிட வேண்டும் என்பது பழக்கம். புதுச் செய்தி ஒன்றைப் பதிந்து அந்த வழியாக அனுப்பினால் அவன் கேட்பான்.

அவள் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்தாள். "நான்தான் பேசறேன். உடனே எனக்குப் போன் பண்ணு. ரொம்ப அவசரம்." மின்னல் அதைத் திரும்பப் போட்டாள். ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரலைக் கேட்டு அவளுக்கே நெஞ்சு திக்கென்றது. சுவரோரமாக நகர்ந்து நிற்கத் தோன்றியது.

"இது அக்கா இல்ல," என்றார் பெரியம்மா. "இது நீங்க."

பக்கத்தில் எடுத்துவைத்திருந்த பழைய பதிவைப் போடச் சொன்னாள். மாத்திரை போட்டாச்சா? அதே தொண்டைதான், அதே ஆள்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். எங்கே வைத்துப் பதிந்தோம் என்று யோசித்தாள். மருத்துவமனையில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். விழுந்த மறுநாள். அவர் கண்ணைத் திறப்பாரா, திறந்தாலும் தன்னைத் தெரிந்துகொள்வாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் மடிக்கணினியைத் திறந்து, அவர் எழுந்துவிடக் கூடாதென்றும் எழுந்துவிட வேண்டுமென்றும் ஒரே சமயம் வேண்டிக்கொண்டு, மெல்லிய குரலில் பேசிப் பதிந்தாள். எல்லாரும் அன்பு என்கிறார்களே, அன்றைக்கு அவளிடம் அன்பாகப் பேசுகிற நினைப்பெல்லாம் இல்லை. அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் யார் முன்னாலும் நடுங்கவில்லை. முதலாளி நடுங்கினால் கப்பல் கவிழும் என்று யாரோ சொல்லியிருந்ததை நம்பியிருந்தாள்.

"எல்லாரும் இருங்க," என்றாள், வெளியே போக எழுந்தவர்களைப் பார்த்து. "ஒண்ணும் ரகசியமில்ல."

மறுபடி ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். "தம்பி, நான்தான். மெஷின் இல்ல. காலைல எங்கப்பா கையில மாத்திரையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கூப்பிடுவாங்கன்னு. அது அப்படியே கரைஞ்சு போயிருந்துச்சு. அதைப் பாத்ததுலேர்ந்து எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எத்தனை பேர் இப்படி உக்காந்திருக்காங்கன்னு தெரியல. நேத்து நீ சொல்ல வந்த. நான் கேக்கல. இப்ப உன்னைத் தேடறது திட்டறதுக்கோ, வேலையை விட்டு அனுப்பறதுக்கோ இல்ல. நீ முதல்லேர்ந்து சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி. நான் கேக்கறேன்."

முடித்ததும் ஒலிவாங்கியைத் தள்ளிவைத்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மின்னல் விசையை அழுத்தினாள். செய்தி போயிற்று. அது எப்படிப் போயிற்று என்று சரிபார்க்க அலுவலகச் சோதனைக் கைபேசிக்கும் ஒன்று வரும். வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"...இப்ப உன்னைத் தேடறது திட்டறதுக்கோ, வேலையை விட்டு அனுப்பறதுக்கோ—"

டக்கென்று அறுந்தது. தொடர்ந்து, பழைய பதிவின் இனிய குரல்: "தண்ணி நிறைய குடிங்க. நான் அப்புறம் கூப்பிடறேன்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. மின்னலின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அரை நிமிஷத்துக்கு மேல போனா கட் ஆயிடும் மேடம். நீங்க வச்ச லிமிட். பெரியவங்களுக்குப் பொறுமை இருக்காதுன்னு." கடைசியில் தண்ணீர் குடிக்கச் சொல்லும் வால் எல்லாச் செய்தியிலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

அந்த 'இல்ல'வும் அதற்குப் பின்னால் சொன்னதும் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் எப்படி விழுந்திருக்கும்? திட்டுவதற்கும் அனுப்புவதற்கும் தேடுகிறாள், அதற்குமுன் தண்ணீர் குடித்துக்கொள் என்கிறாள். எங்கோ ஒரு தெருவில் நின்று அதைக் கேட்டுவிட்டு அந்தக் கைபேசியையும் அணைத்துவிடுவான். இன்னொரு முறை அனுப்பு, சின்னதாக, இரண்டே வார்த்தை என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவளுடைய கைபேசி அடித்தது. அவன்தான்.

"மேடம்," என்றான். வண்டிச் சத்தம் பின்னால் இரைந்தது. "அனுப்பறதுக்கோன்னதோட நின்னுடுச்சு. மிச்சம் என்னன்னு கேக்கலாம்னு..."

"இல்லன்னு சொன்னேன். அனுப்பறதுக்கோ இல்லன்னு சொன்னேன்."

"அதான் நானும் நெனச்சேன் மேடம். கோ, கோன்னு ரெண்டு வந்தா பின்னாடி ஒரு இல்ல வரணுமே." மூச்சுவிட்டான். "பயமா இருக்குன்னு சொன்னீங்கள்ல, அது முழுசா கேட்டுச்சு."

"நீ சொல்லு. முதல்லேர்ந்து."

அவன் முதலிலிருந்துதான் சொன்னான். புது லைன் எடுத்த நாள், அந்தக் கம்பெனிக்காரர் வந்த நாள், அவருக்குத் தேநீர் கொடுத்தது, அவர் போகிறபோக்கில் சொன்ன எச்சரிக்கை. சுவர்க் கடிகாரத்தின் கீழேதான் அவள் நின்றாள். மதிய அழைப்புகளுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. 'சுருக்கமா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து, பல்லில் மோதித் திரும்பியது. மறுபடி வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் சொல்லிக்கொண்டு போன கதையில் மெல்ல மெல்ல விஷயம் துலங்கியது. இந்த வாரம் புது லைனுக்கு மாற்றிய அறுபது வீடுகளில் அழைப்பு போனதாகக் கணக்கு ஏறுகிறது, மணி அடிக்கவில்லை. பழைய லைனுக்குத் திருப்பினால் சரியாகிவிடும். அவளைக் கேட்காமல் லைனை மாற்றக் கூடாது என்பது விதி. கேட்கத்தான் நேற்று வந்தான். எந்தெந்த வீடு என்ற பட்டியல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றும் சொன்னான்.

"கேக்க முடியல மேடம். சரின்னு, எல்லா வீட்டுக்கும் நானே கூப்பிட ஆரம்பிச்சேன். நேத்து மதியத்துலேர்ந்து. என் போன்லேர்ந்து, ஒவ்வொருத்தரா. அதான் நீங்க அடிச்சப்ப எடுக்க முடியல. லைன்ல யாராவது இருந்தாங்க. பெரியவங்க வைக்க மாட்டேங்கறாங்க மேடம். அக்கா மாதிரி நான் கட் ஆக மாட்டேன்னு தெரிஞ்சதும் பேசிக்கிட்டே இருக்காங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நேற்று மதியத்திலிருந்து அத்தனை வீட்டுக்கும் இவன் ஒருவன் குரல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்புறம் ஒன்று இடித்தது.

"எங்க வீட்டுக்குக் கால் வரலையேப்பா."

"உங்க வீட்டுக்கு மட்டும் கூப்பிடல மேடம்," என்றான். "நீங்க எடுத்துட்டா என்ன சொல்றதுன்னு பயம். நீங்க பக்கத்துல இருக்கீங்களே, பாத்துப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

இரண்டு நாளாக அப்பாவின் கையில் மாத்திரை கரைந்ததற்குக் காரணம் லைன் இல்லை. "சரிப்பா," என்றாள். "தப்பு என் மேலதான். நீ மேல சொல்லு."

கைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு மின்னலிடம் சொன்னாள். "இந்த வாரம் மாத்தின எல்லா வீட்டையும் பழைய லைனுக்குத் திருப்பு. பலகையில வச்ச அந்த ரெண்டு நாளையும் எடுத்துடு."

"எடுத்தா சிவப்பாயிடும் மேடம்."

"ஆகட்டும்."

விசைகள் தட்டப்பட்டன. சுவரில் பச்சை அங்கங்கே அணைந்து சிவப்பு எழுந்தது. கட்டம் கட்டமாகப் பரவி, கடைசியில் பலகையின் ஒரு மூலையை நிறைத்தது. அவ்வளவு சிவப்பை அந்த அறை பார்த்ததில்லை. எல்லாருடைய முகத்திலும், சட்டையிலும், மேசைமேல் இருந்த காபிக் கோப்பையிலும் அந்த நிறம் விழுந்தது. அவள் கத்தவில்லை. கத்துவாள் என்று தோளை ஒடுக்கியவர்கள், கொஞ்சநேரம் கழித்து அதைத் தளர்த்தினார்கள்.

அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். "...எல்லாரும் எடுத்துட்டாங்க மேடம். கிளி வீட்டம்மா மட்டும் எடுக்கல."

பெரியம்மா தலையை நிமிர்த்தினார். கிளி வீட்டம்மாவை, அழைப்புகளின் பதிவைக் கேட்டுக் கேட்டு, அங்கே எல்லாருக்கும் தெரியும். தனியாக இருப்பவர், மகன் வெளிநாட்டில். சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி. அழைப்பு வந்தால் கிளிக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் கூண்டோரம் பிடித்துக்கொண்டு, மாத்திரையைப் பற்றிப் பேசாமல், இயந்திரம் காதில் வாங்காது என்று தெரியாமல், கிளி என்ன தின்றது, என்ன பேசியது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாதியில் தொடர்பு அறுந்துவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"நேத்து சாயந்திரமும் எடுக்கல, காலைலயும் எடுக்கல. அதான் வந்துட்டேன் மேடம். திரும்ப ஆபீசுக்கு விடுவீங்களோ என்னவோன்னு என் சாமானையும் எடுத்துக்கிட்டேன். இப்ப அவங்க வாசல்லதான் நிக்கிறேன். பெல் அடிச்சேன், திறக்கல. காவலாளி மாற்றுச் சாவி தேடப் போயிருக்கார்."

பெரியம்மா ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்கு அடித்து முகவரியைச் சொல்லத் தொடங்கியிருந்தார். இன்னொருவன் மகனின் எண்ணைத் தேடினான். சொல்லாமலே ஆளுக்கொரு வேலையாக அறை நகர்ந்தது. அவள் செய்ய எதுவும் மிச்சமில்லை. கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். கால்கள் நடுங்கின. இந்த முறை மறைக்கவில்லை.

"லைனை வைக்கட்டுமா மேடம்? உங்களுக்கு வேலை இருக்கும்."

"வேண்டாம். அங்க என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

"கதவு பச்சைக் கதவு மேடம். பேப்பர் ரெண்டு வாசல்லயே கிடக்கு. ஜன்னல் திரை போட்டிருக்கு. கீழ கொஞ்சம் விலகியிருக்கு. நாற்காலிக் கால் தெரியுது. பக்கத்துல ஒரு செருப்பு. ஒரு செருப்புதான் தெரியுது." குரல் தாழ்ந்தது. "எனக்கும் பயமா இருக்கு மேடம்."

"தெரியும்பா. நான் இருக்கேன்."

மதிய நேரமாயிற்று. இயந்திரம் தன் வேலையைத் தொடங்கியது. பலகையில் சிவப்புக் கட்டங்கள் ஒன்று, இரண்டு, நாலு என்று பச்சைக்கு மாறின. எங்கெங்கோ வீடுகளில் கைகள் எடுத்துப் பேசின. அவளுடைய காதில், அவன் கைபேசியின் வழியாக, மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து தொலைபேசி மணி கேட்டது. பழைய காலத்து மணி, நீளமாக அடித்து, நின்று, மறுபடி நீளமாக அடித்தது. தெருவில் சத்தங்கள் ஓய்ந்ததுபோல் அவளுக்கு அது மட்டுமே கேட்டது.

மணி நின்றது.

"மேடம்," என்றான் அவன். கைபேசி கதவில் உரசும் சத்தம் கேட்டது.

கதவுக்குள் ஒரு குரல் பேசியது. மெல்லியதாக, கொஞ்சம் கீச்சென்று, ஆனால் சொல்லின் ஏற்றமும் இறக்கமும் அப்படியே அவளுடையது. மருத்துவமனைக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசியது.

"மாத்திரை போட்டாச்சா?"

கிளிதான். யாருடைய பதிலுக்கோ இடம் விட்டதுபோல் நிறுத்திவிட்டு, மறுபடி கேட்டது. "மாத்திரை போட்டாச்சா?"

மின்னலும் பெரியம்மாவும் மற்ற எல்லாரும் எழுந்து நின்று சுவரில் அந்த ஒரு சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பலகைக்கு முதுகைக் காட்டி, கைபேசியைக் காதில் அழுத்தி, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்தி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சோ ஒரு முனகலோ வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.